ரெண்டு புள்ளி வளையம்

செஞ்சியில் புறா வளர்க்கிறவர் யாராக இருந்தாலும், குஞ்சு பொரித்த ஏழாம் நாள் நூர் முகமதுவின் கடைக்கு வந்தாக வேண்டும். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. திருவண்ணாமலை ரோட்டில் சைக்கிள் கடைக்கும் வெற்றிலைக் கடைக்கும் நடுவே, நாலு படி ஏறினால் ஒரு ஆள் காலை நீட்டி உட்காரும் அகலத்தில் ஓர் அறை. அதில் உட்கார்ந்து உடைந்த லாந்தருக்குப் பற்றவைப்பார், ஒழுகுகிற குடத்துக்கு ஈயம் வைப்பார், மண்ணெண்ணெய்ப் புனல் செய்வார். அதெல்லாம் சோற்றுக்கு. பேருக்கு என்றால் புறா வளையம்தான்.

பாண்டிச்சேரியில் பழைய சாமான் கடையிலிருந்து விரல் தடிமனில் அலுமினியக் குழாய் வாங்கிவருவார். மெல்லிய ரம்பத்தால் மோதிரம் மோதிரமாக அறுத்து, உள்ளேயும் வெளியேயும் அரம் போட்டு, ஆளுக்கொரு அடையாளம் அடிப்பார். மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் மஜீதுக்குப் பிறை. பக்கத்துச் சைக்கிள் கடை கௌஸ் பாஷாவுக்கு நட்சத்திரம். காலனிப் பெரியதம்பிக்கு ரெண்டு புள்ளி. குஞ்சின் முன்விரல் மூன்றையும் சேர்த்து வளையத்துக்குள் விட்டு, பின்விரலைக் காலோடு மடக்கி, வளையத்தை மேலே தள்ளிய பிறகு பின்விரலை மெல்ல வெளியே எடுத்துவிட வேண்டும். முன்கூட்டிப் போட்டால் கழன்று விழும். நாள் தள்ளிப் போட்டால் ஏறாது. ஏறிவிட்டாலோ அந்தப் புறா சாகிறவரை கழலாது. வெட்டித்தான் எடுக்க முடியும்.

அதனால்தான் அதற்கு அத்தனை மரியாதை. வழிதவறி வந்த புறா வளையம் இல்லாமல் யார் கூரையில் இறங்கினாலும் இறங்கின வீட்டுக்குச் சொந்தம். வளையத்தோடு இறங்கினால் தண்ணி காட்டி, தீனி போட்டு, வளையத்துக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். ஊரில் எத்தனையோ சண்டை தீராமல் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. புறாச் சண்டை மட்டும் நூர் முகமதுவின் படியைத் தாண்டிப் போனதில்லை. "பாய் போட்ட வளையமா? அப்ப பேச்சு முடிஞ்சுது" என்பார்கள். பதினாலு வருஷமாக அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அது பழக்கமாகிப் போனால் மனுஷனுக்கு அது இல்லாமல் முடியாது.

இந்தி எதிர்ப்பு ஊர்வலமெல்லாம் நடந்து அடங்கிய வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு குஞ்சுகள் வந்தன. மஜீது வேலூரிலிருந்து ஆசையாக வாங்கிவந்த ஜோடி இட்ட முட்டையில் ஒன்று கூமுட்டையாகிவிட்டது; பொரித்த ஒற்றைக் குஞ்சைக் காலையிலேயே பிரம்புக் கூடையில் அனுப்பியிருந்தான். பிறகு பெரியதம்பி வந்தான். அவனுடையதிலும் ஒன்று செத்து ஒன்றுதான் மிச்சம். பெரியதம்பி மஜீதின் மண்டியிலேயே மூட்டை தூக்குகிறவன்; முப்பது வயசு இருக்கும். ஏரிக்கு அந்தப் பக்கம் அவன் கூரைமேல் பழைய பலகைப்பெட்டி இரண்டைக் கட்டி வைத்து அதில் புறா வளர்த்தான். கடைக்கு வந்தால் கடைசிப் படிக்குக் கீழேயே நின்று ஓலைக் கொட்டானை நீட்டுவான். மேலே ஏறமாட்டான். ஏறி வா என்று நூர் முகமதுவும் சொன்னதில்லை.

கொட்டானை வாங்குகிற நேரத்தில் ஜும்மாவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளாக ஒரு கடுவன் பூனை கடையைச் சுற்றிக்கொண்டிருந்தது. குஞ்சுகளைக் கூடையிலும் கொட்டானிலும் விட்டுப்போக முடியாது. பிஸ்கட் டப்பாவில் பஞ்சைப் போட்டு, மூடியில் ஓட்டை போட்டு அதற்கென்றே வைத்திருந்தார். முன்பெல்லாம் அப்படி இரண்டு டப்பா இருந்தன. போன வாரம்தான் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். இருந்த ஒன்றில் இரண்டையும் வைத்து மூடினார். வலது பக்கம் மஜீதுது, இடது பக்கம் பெரியதம்பிது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

"தொழுதுட்டு வந்துடறேன். பூனை வந்தா வெரட்டு" என்று பெரியதம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்து மூடியைத் திறந்தால் வலதும் இல்லை, இடதும் இல்லை. இரண்டும் பஞ்சுக்கு நடுவில் ஒன்றின் அடியில் ஒன்று தலையைப் புதைத்துக்கொண்டு கிடந்தன. ஒரே அளவு. ஒரே மஞ்சள் முடி. இறகு முளைக்காத ஏழாம் நாள் குஞ்சைப் பெற்ற புறாவாலேயே இனம் காண முடியாது. நூர் முகமது முதுகை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். இதுதான் கொஞ்சம் கனம், வேலூர்க் குஞ்சு இதுவாகத்தான் இருக்கும் என்று ஒன்றை எடுத்துப் பிறையைப் போட்டார். மற்றதற்கு ரெண்டு புள்ளி. தெரியவில்லை என்பது அவருக்கு அப்போதே தெரிந்தது. இரண்டு பேரையும் கூப்பிட்டு, "கலந்துபோச்சுப்பா" என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

நாலைந்து மாசத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. பெரியதம்பியின் புறா சாம்பலும் நீலமுமாக, வெள்ளைக் கண்ணோடு வளர்ந்து நின்றது. விடிந்ததும் விட்டால் ராஜகிரிக் கோட்டை மலை உச்சிக்கு மேலே கடுகாகப் போய், வெயில் ஏறி மத்தியானம் ஆனபிறகுதான் இறங்கும். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். மஜீதின் வீட்டில் பிறை வளையத்தோடு வளர்ந்தது செம்பு நிறம். ஓட்டுக்கு ஓடு நடந்துபோகுமே தவிரப் பறக்காது. நூர் முகமது ஒருநாள் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதுபோல.

மஜீது கேட்டான். ஒரு சாயங்காலம் பெரியதம்பியையும் புறாவையும் முன்னால் விட்டுக்கொண்டு, கௌஸ் பாஷாவையும் இன்னும் நாலைந்து புறாக்காரர்களையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டான்.

"இந்தக் கண்ணப் பாருங்க நூர் பாய். அச்சு அசலா எங்க வேலூர் ஆண்புறாவோட கண்ணு. இது என் குஞ்சு. எப்பிடி அவன் கூரைக்குப் போச்சு?"

"வளையம் ரெண்டு புள்ளியா இருக்குதே தம்பி" என்றார் நூர் முகமது. தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

"வளையத்த நான் கொற சொல்லல. வளையம் போடறதுக்கு முன்னாடியே குஞ்சு மாறியிருந்தா?"

கௌஸ் பாஷா எல்லாருக்கும் மூத்தவர். அவர் கையை உயர்த்தினார். "சும்மா கத்தாத மஜீது. பாய், ஒரே ஒரு கேள்வி. அன்னிக்குத் தொழுவ வந்தீங்களே, குஞ்சுங்கள ஒண்ணா வெச்சீங்களா, தனித்தனியா வெச்சீங்களா?"

எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒன்றாக வைத்தேன் என்றால் இந்தப் புறாவோடு போகாது. பதினாலு வருஷத்து வளையமெல்லாம் எழுந்து வந்து வாசலில் நிற்கும்.

"தனித்தனியாத்தான். ரெண்டு டப்பாவுல."

"அப்பறம் இன்னா?" என்றான் மஜீது. "இவனத்தான காவலுக்கு உக்கார வெச்சிட்டு வந்தீங்க? பூனைக்கிட்ட பால காவல் வெச்ச கதைதான்."

பெரியதம்பி மஜீதைப் பார்க்கவில்லை. "பாய், நான் படி ஏறலியே. நீங்களே சொல்லுங்க. இத்தன வருஷத்துல எப்பனா ஒருநாள் உங்க படி ஏறியிருக்கனா?"

"நான் பள்ளிவாசல்ல இருந்தேம்ப்பா. நான் எதப் பாத்தேன்?" என்றார் நூர் முகமது.

அது பொய்யில்லை. பொய்யைவிட மோசமாக இருந்தது.

மஜீது புறாவைப் பிடித்து அவர் மடியில் கொடுத்தான். "வளையத்த வெட்டுங்க பாய். பிறை போடமுடியாது, பரவால்ல. ரெண்டு புள்ளி வேணாம்." அவரே கத்தரியை எடுத்து வெட்டினார். புறா அவர் கைக்குள் சூடாக, ஒரு சத்தமும் போடாமல் இருந்தது. வெட்டின வளையம் பட்டறைக் கல்லுக்குக் கீழே உருண்டது. பெரியதம்பி அது உருண்டு நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனான். மறுநாள் அவனுக்கு மண்டியில் வேலை இல்லை. திருடன் என்று மஜீது வாயால் சொல்லவில்லை. வேறு இடம் பார் என்றான், அவ்வளவுதான். மற்றதை ஊர் சொல்லிக்கொண்டது.

அன்றைக்கு ராத்திரி சோறு போட்டுக்கொண்டே அவர் மனைவி மெஹராஜ் பேகம் கேட்டாள். "இன்னாங்க, ரெண்டு டப்பாவுல வெச்சதா சொன்னீங்களாமே? சைக்கிள் கடைக்காரு ஊட்டுல சொன்னாங்க."

"ஆமா. அதுக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்ல. ஒரு டப்பா இங்க இருக்குதே. மூடி ஓட்டைய அடைச்சி நான் சக்கர கொட்டி வெச்சிருக்கேன்."

அவர் கையைக் கழுவ எழுந்துவிட்டார். அவளும் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் டீக்கு அந்த டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்கும். இருக்கிற ரேஷன் சர்க்கரையில் அவருக்கு ஒரு கரண்டி கூடவே போடுவாள், முன்பு மாதிரியே. அதுதான் தாங்கவில்லை.

மஜீது புறாவின் இறக்கையை நூலால் கட்டி நாற்பது நாள் கூண்டிலேயே வைத்தான். ஒரு பெட்டையைச் சேர்த்துவிட்டான். பழகிவிட்டது என்று நூலை அவிழ்த்ததும் அது ஒரு சுற்று சுற்றி, கடைத்தெருவைத் தாண்டி, ஏரியைத் தாண்டி, பெரியதம்பியின் பலகைப்பெட்டிமேல் போய் உட்கார்ந்தது. வளர்ந்த கூரையை எப்படி மறக்கும்?

பெரியதம்பி அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தான். பட்டப்பகலில், கடைத்தெரு நடுவே, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு. மஜீதின் வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான். எட்டு நாளில் மறுபடி பறந்தது. மறுபடி கொண்டுவந்தான். அப்போது அவனுக்கு வேலை வல்லத்துப் பக்கம் மல்லாட்டை பிடுங்குகிற இடத்தில். கால் முழுக்க செம்மண். "இன்னாடா பெரியதம்பி, வாரம் ஒருதரம் திருடறியா, வாரம் ஒருதரம் திருந்தறியா?" என்று வெற்றிலைக் கடையில் ஒருத்தன் கேட்டான். சிரிப்பு எழுந்தது. நூர் முகமது குனிந்து, ஏற்கெனவே ஈயம் பற்றவைத்து முடித்த லாந்தரை மறுபடி பற்றவைத்தார்.

மூன்றாவது முறை பெரியதம்பி அவர் கடைக்கு முன்னால் நின்றான். கடைசிப் படிக்குக் கீழே, எப்போதும் நிற்கிற இடம்.

"பாய், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு டப்பா ஒண்ணா ரெண்டா?"

கடையில் புனல் வாங்க வந்த ஒரு தொண்டூர்க்காரர் உட்கார்ந்திருந்தார். "ஆளு இருக்காங்க பாரு. அப்பறம் வா" என்றார் நூர் முகமது.

"சரி பாய்" என்று அவன் போய்விட்டான். அப்புறம் வரவில்லை. நாலாவது முறை புறாவோடு போனபோது கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அன்றைக்குச் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் சைக்கிள் கடைக்குப் போனார். கௌஸ் பாஷா இருந்தார், மஜீது இருந்தான், வளையம் வெட்டின அன்றைக்கு வந்த மற்றவர்களில் மூன்று பேர் இருந்தார்கள். நின்றபடியே சொன்னார். ஒரு டப்பாதான் இருந்தது என்பது, கலந்துபோனது, குத்துமதிப்பாக வளையம் போட்டது, எல்லாம். சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்ன சொல்வார்களோ, முகத்தில் துப்பினாலும் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றார்.

மஜீது தொடையில் தட்டினான். "அப்ப புறா என்னுதுன்னு நான் சொன்னது கரெக்டுதான?"

"அட, இதுக்கா பாய் இப்பிடி வேர்த்துக் கொட்டுது?" என்றார் கௌஸ் பாஷா. "மனுஷன் கண்ணு, தப்பும். வுடுங்க. நமக்குள்ள இன்னா இருக்குது?"

"இனிமே குஞ்சு நெத்தியில பேர எழுதி அனுப்பறேன் பாய்" என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தர் எழுந்து அவருக்கு ஸ்டூலைத் தள்ளினார். டீ சொல்லச் சொன்னார் கௌஸ் பாஷா.

"அவனத் திருடன்னு ஆக்கிட்டமே" என்றார் நூர் முகமது.

"நான் எங்க திருடன்னு சொன்னேன்? வேணும்னா நாளைக்கு மண்டிக்கு வரச்சொல்லுங்க. மூட்டை தூக்க ஆளா இல்ல, ஆனாலும் வரட்டும்." மஜீது கொஞ்சம் யோசித்தான். "அந்தச் செம்புப் புறாவையும் எடுத்துட்டுப் போங்க, அது அவன் குஞ்சுதான? தின்னுது, தூங்குது. பறக்கச் சொன்னா என்னப் பாக்குது."

டீ வந்தது. யாரும் அவர்மேல் கோபப்படவில்லை. பதினாலு வருஷத்து வளையங்களும் அப்படியே அதனதன் காலில் இருந்தன. எதற்குப் பயந்து இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாரோ அது நடக்கவே இல்லை. அடிபட்டது ஏரிக்கு அந்தப் பக்கத்து ஆள் என்பதால்தான் நடக்கவில்லை என்பது டீயில் பாதி குடித்தபோது அவருக்குப் புரிந்தது. மீதியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் மத்தியானம் செம்புப் புறாவைக் கூடையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரைமேல் நடந்தார். பிறந்ததிலிருந்து செஞ்சியில் இருக்கிறவர், நாற்பத்தாறு வயசு. அந்தக் கரையை முழுக்கத் தாண்டினது அன்றைக்குத்தான். காலனியில் பெரியதம்பி வீடு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கூரைமேல் பலகைப்பெட்டி தெரிந்தது. வாசலில் அவன் மனைவி தைலம்மாள் முறத்தை வைத்துக்கொண்டு விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"பெரியதம்பி இல்லியாம்மா?"

"வேலைக்குப் போயிருக்குது."

நூர் முகமது கூடையைக் கீழே வைத்தார். "இது உங்க குஞ்சும்மா. தப்பு என்னுது. டப்பா ஒண்ணுதான் இருந்துச்சு. ரெண்டையும் ஒண்ணா வெச்சிட்டேன். நேத்து சாயங்காலம் மஜீதுகிட்டயும் பாஷா அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவள் இன்னும் நாலு காயை உடைத்தாள். கூடை மூடியைத் திறந்து பார்த்தாள். "இத இங்க வுட்டா அங்கதான் போவும். அதுக்கு அந்தக் கூரதான் தெரியும். அப்பறம் இதையும் தூக்கிக்கினு நடக்கணுமா எங்க ஊட்டு ஆளு?"

அவருக்கு அது தோன்றவே இல்லை. புறா வளையம் போடுகிற ஆள், அவருக்குத் தோன்றவில்லை.

"எங்க ஊட்டு ஆளு அந்தப் புறாவ ஏன் கையில புடிச்சிக்கினு கடைத்தெரு வழியா வந்துச்சு, தெரியுமா பாய்?" தைலம்மாள் முறத்தைப் பார்த்தபடியே பேசினாள். "கூடையில வெச்சி மூடிக்கினு போனா திருடனத எடுத்துனு போறான்னு சொல்லுவாங்களாம். எல்லாரும் பாக்கட்டும்னுச்சு. எங்க நாத்தனா கேக்கறா, 'எங்கண்ணன் எடுத்திருந்தா அன்னிக்கே ஒத்துக்கினு குடுத்திருக்கலாமே'ன்னு. கூடப் பொறந்தவ. அவளுக்கு நான் இன்னா சொல்றது?"

"மண்டிக்கு வரச் சொன்னாரு மஜீது."

"அது போவுதா போவலியான்றது அது இஷ்டம்." அவள் நிமிர்ந்தாள். "நேத்து நீங்க சொன்னீங்களே, அங்க யாரு இருந்தாங்க?"

அவர் பேர்களைச் சொன்னார்.

"எங்க ஆளுங்க யாரனா இருந்தாங்களா?"

"இல்லம்மா."

"அப்ப எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? எனக்குத் தெரிஞ்சதுதான இது. வெளக்கு வெக்கற நேரத்துக்கு எல்லாரும் வேலைவுட்டு வந்துருவாங்க. அந்த வேப்பமரத்துக்கிட்ட நின்னு சொல்லுங்க. எங்க ஊட்டு ஆளுக்கு எதிர்லயே சொல்லுங்க."

கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்திருந்தார். போய்விட்டுச் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். போனால் வரமாட்டோம் என்று அவருக்கே பட்டது.

"நான் இங்கயே இருக்கட்டுமா?"

"இருங்க" என்றாள் அவள். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கல்மேல் வைத்துவிட்டு, ஒரு எட்டுப் பின்னால் தள்ளி நின்றாள். அவர் எடுத்து முழுக்கக் குடித்தார்.

வேப்பமரத்தடிக் கல்லில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். கடைத்தெரு நடுவே நெஞ்சுக்கு நேராகப் புறாவைப் பிடித்துக்கொண்டு நடந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது பொழுது சாயச் சாயக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. கூடைக்குள் அந்தச் செம்புப் புறா நிம்மதியாகத் தூங்கியது.

வெயில் இறங்கியதும் வரப்பு வழியாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தைலம்மாள் யாரிடமோ என்னவோ சொன்னாள். ஒவ்வொருவராக மரத்துப் பக்கம் கூடினார்கள். பெரியதம்பி கடைசியில் வந்தான். அவரைப் பார்த்தான். மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கி, அதன் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நூர் முகமது எழுந்தார். "அன்னிக்கு வெள்ளிக்கெழம" என்று ஆரம்பித்தார். "கடையில ஒரு டப்பாதான் இருந்துச்சு."

"கேக்கல பாய். சத்தமா சொல்லுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சத்தமாக, முதலிலிருந்து சொன்னார்.